என்.பி.ஏ. கூட்டுப்பேரமும் கதவடைப்புகளும்

என்.பி.ஏ. கூட்டுப்பேரம் என்பது வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அமைப்பாகிய தேசிய கூடைப்பந்துச் சங்கத்தின் (என்.பி.ஏ.) அணி உரிமையாளர்களுக்கும் அவ்வணிகளில் ஆடும் வீரர்களின் தொழிற்சங்கத்துக்கும் இடையே நடைபெறும் பேச்சுவார்த்தை ஆகும். வீரர்களின் ஊதியம், ஓய்வூதியம், அணி மாறும் உரிமை, புதுமுக வீரர்களைத் தெரிவு செய்யும் முறை, ஒழுங்கு நடவடிக்கைகள் ஆகியவை இதில் தீர்மானிக்கப்படுகின்றன. இதன் முடிவில் எழுதப்படும் ஆவணம் கூட்டுப்பேர ஒப்பந்தம் எனப்படுகிறது. ஓர் ஒப்பந்தம் காலாவதியாகி அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகாத நிலையில், உரிமையாளர்கள் வீரர்களுக்கு வேலையும் ஊதியமும் மறுத்து அரங்குகளை மூடுவது கதவடைப்பு ஆகும். என்.பி.ஏ. வரலாற்றில் 1995, 1996, 1998, 2011 ஆகிய ஆண்டுகளில் நான்கு கதவடைப்புகள் நிகழ்ந்துள்ளன. கடைசியாகக் குறிப்பிடப்பட்ட இரண்டிலும் ஆட்டங்கள் இரத்தாயின.

ஊதியப் பேரத்துக்காக என்.பி.ஏ. வீரர்கள் முறையான வேலைநிறுத்தம் எதையும் இதுவரை நடத்தியதில்லை. வேலைநிறுத்த அச்சுறுத்தல், நீதிமன்ற வழக்கு, சங்கத்தைக் கலைத்தல் ஆகியவையே அவர்களின் கருவிகளாக இருந்துள்ளன. உரிமையாளர்களின் முதன்மைக் கருவி கதவடைப்பு. வருமானம் இல்லாமல் யார் அதிக நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பதே பெரும்பாலான பேச்சுவார்த்தைகளின் முடிவைத் தீர்மானித்துள்ளது.

அடிப்படைக் கருத்துகள்

என்.பி.ஏ. பேரத்தின் மையத்தில் இருப்பது தனி வீரர் ஒருவரின் சம்பளம் அன்று. அனைத்து அணிகளும் சேர்ந்து ஈட்டும் வருமானத்தில் வீரர்கள் அனைவருக்கும் சேர வேண்டிய பங்கே முதன்மையான கேள்வி. தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமை, நுழைவுச்சீட்டு விற்பனை, விளம்பரம் போன்றவற்றால் வரும் தொகை "கூடைப்பந்து சார்ந்த வருமானம்" என்று ஒப்பந்தத்தில் வரையறுக்கப்படுகிறது. எந்த வருமானம் இந்த வரையறைக்குள் அடங்கும், எது அடங்காது என்பதும் பேரத்துக்கு உரியதே. இந்தத் தொகையின் குறிப்பிட்ட விழுக்காடு வீரர்களின் பங்காகும்.

ஊதிய உச்சவரம்பு என்பது ஓர் அணி ஓர் ஆண்டில் தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து வழங்கக்கூடிய தொகையின் எல்லை. என்.பி.ஏ.வில் இது மீறவே முடியாத எல்லை அன்று. சொந்த வீரரைத் தக்கவைத்துக்கொள்வது போன்ற சில தேவைகளுக்காக அணிகள் இதைத் தாண்டலாம். எனவே இது "மென் உச்சவரம்பு" எனப்படுகிறது. எந்த விலக்கும் இல்லாத "வன் உச்சவரம்பு" வேண்டும் என்பது உரிமையாளர்கள் பலமுறை முன்வைத்த கோரிக்கை. வீரர்கள் அதை ஒவ்வொரு முறையும் எதிர்த்துள்ளனர்.

ஆடம்பர வரி என்பது உச்சவரம்புக்கும் மேலே உள்ள மற்றொரு எல்லையைத் தாண்டிச் செலவிடும் அணிகள் என்.பி.ஏ.வுக்குச் செலுத்தும் தண்டத்தொகை. செல்வம் மிக்க அணிகள் சிறந்த வீரர்களையெல்லாம் வாங்கிக் குவிப்பதைத் தடுப்பது இதன் நோக்கம்.

பிடித்தத் தொகை என்பது ஒவ்வொரு வீரரின் சம்பளத்திலிருந்தும் பிடித்து வைக்கப்படும் பகுதி. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது வீரர்களின் மொத்த ஊதியம் ஒப்புக்கொண்ட பங்கைத் தாண்டியிருந்தால், அந்த மிகைத்தொகை இதிலிருந்து உரிமையாளர்களுக்குத் திரும்பும். மீதி வீரர்களைச் சேரும். தனி ஒப்பந்தங்களில் எவ்வளவு பெரிய தொகை எழுதப்பட்டிருந்தாலும், மொத்தப் பங்கு மாறாமல் இருக்க இந்த ஏற்பாடு வழிசெய்கிறது.

சட்டப் பின்னணி

1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் அமெரிக்கத் தனியார் துறைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் உரிமை அளிக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கும் இது பொருந்தும்.

இதனோடு ஏகபோகத் தடைச் சட்டங்களும் தொடர்புடையவை. போட்டி நிறுவனங்கள் தங்களுக்குள் கூடிப் பேசி ஊதியத்துக்கு வரம்பு விதிப்பது இச்சட்டங்களின்படி பொதுவாகக் குற்றம். ஆனால் என்.பி.ஏ. அணிகள் செய்வது அதைத்தான். முப்பது அணிகள் ஒன்றுகூடி ஊதிய உச்சவரம்பை ஏற்கின்றன. புதுமுக வீரர் எந்த அணியில் சேரலாம் என்பதையும் விதிகளால் தீர்மானிக்கின்றன. இவ்விதிகள் தொழிற்சங்கத்துடன் பேரம் பேசி ஏற்படுத்தப்பட்டவையாக இருந்தால் நீதிமன்றங்கள் அவற்றுக்கு விலக்கு அளிக்கின்றன.

ஆகவே தொழிற்சங்கம் இருப்பது உரிமையாளர்களுக்கும் தேவையாகிறது. சங்கம் இல்லாவிட்டால் அவர்களின் விதிகள் சட்டப் பாதுகாப்பை இழக்கும். 1996ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்து தொடர்பான பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விலக்கை மேலும் விரிவாக்கியது. பேச்சுவார்த்தை முறிந்துபோன பின்னரும், பேர உறவு நீடிக்கும் வரை விலக்கு தொடரும் என்று அத்தீர்ப்பு கூறியது. இதன் விளைவாக, வீரர்கள் ஏகபோகத் தடைச் சட்டத்தைப் பயன்படுத்த விரும்பினால் முதலில் தங்கள் சங்கத்தையே கலைக்க வேண்டிய விந்தையான நிலை உருவானது.

சங்கத்தின் தொடக்கம்

என்.பி.ஏ. வீரர் சங்கம் 1954இல் பாஸ்டன் செல்ட்டிக்ஸ் அணி வீரர் பாப் கூசியால் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் நான்கு பெரிய தொழில்முறை விளையாட்டுகளின் வீரர் சங்கங்களுள் இதுவே மிகப் பழையது. கூசி ஒவ்வோர் அணியிலும் பேர்பெற்ற ஒரு வீரருக்குக் கடிதம் எழுதி ஆதரவு திரட்டினார்.

அக்காலக் கோரிக்கைகள் எளிமையானவை. ஊதியமில்லாத கண்காட்சி ஆட்டங்களைக் குறைக்க வேண்டும். பொது நிகழ்ச்சிகளுக்குச் செல்லும் வீரர்களுக்குப் பணம் தர வேண்டும். ஆட்டத்தின்போது நடுவர்கள் வீரர்கள்மீது விதித்துவந்த 15 டாலர் தண்டத்தை நீக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. உரிமையாளர்கள் மூன்று ஆண்டுகள் இழுத்தடித்தனர். வீரர்கள் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்றில் இணைவது பற்றிப் பேசத் தொடங்கிய பின்னர், 1957இல் சங்கம் அங்கீகரிக்கப்பட்டது.

1964: பாஸ்டன் உடைமாற்றும் அறை

1964 சனவரி 14 அன்று பாஸ்டன் நகரில் அனைத்து நட்சத்திர ஆட்டம் நடைபெறவிருந்தது. அந்த ஆட்டம் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் என்பதால் உரிமையாளர்கள் அதைப் பெரிதும் எதிர்பார்த்திருந்தனர். வீரர்களோ பல ஆண்டுகளாக ஓய்வூதியத் திட்டம் கேட்டு அலுத்திருந்தனர். சங்கத் தலைவர் டாமி ஹைன்சோனும் சங்க வழக்கறிஞர் லாரி ஃபிளைஷரும் வீரர்களைத் திரட்டினர். எழுத்து வடிவிலோ வாக்குறுதியாகவோ உறுதி கிடைக்காவிட்டால் களத்தில் இறங்கப்போவதில்லை என்று அவர்கள் அறிவித்தனர்.

பில் ரசல், வில்ட் சேம்பர்லின், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் உள்ளிட்ட அன்றைய முன்னணி வீரர்கள் அந்த அறையில் இருந்தனர். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி உரிமையாளர் பாப் ஷார்ட், தன் வீரர்களான வெஸ்ட்டும் பெய்லரும் உடனே களமிறங்க வேண்டும் என்று வெளியிலிருந்து சொல்லியனுப்பினார். அந்த மிரட்டல் வீரர்களின் உறுதியைக் கூட்டவே செய்தது. இறுதியில் என்.பி.ஏ. தலைவர் வால்டர் கென்னடி ஓய்வூதியத் திட்டத்துக்குத் தனிப்பட்ட முறையில் வாக்குறுதி அளித்தார். ஆட்டம் சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. கிழக்கு அணி 111-107 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது.

ஆட்டத்துக்கு முந்தைய சில நிமிடங்களில் கிடைத்த இந்த வெற்றி சங்கத்தின் வரலாற்றில் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. அந்தச் சில நிமிடங்கள் மட்டும் காலம் வீரர்களின் பக்கம் இருந்தது. ஒளிபரப்பு நேரம் நெருங்க நெருங்க இழப்பு உரிமையாளர்களுடையதாயிற்று. பிற்காலக் கதவடைப்புகளில் இந்த நிலை தலைகீழாக மாறியது.

ராபர்ட்சன் வழக்கு

1960களில் அணிகளின் ஒப்பந்தங்களில் தக்கவைப்பு விதி இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் அதே அணிக்கே உரியவர். வேறு அணியுடன் பேரம் பேச அவருக்கு உரிமை இல்லை. 1967இல் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் (ஏ.பி.ஏ.) என்ற போட்டி அமைப்பு தோன்றியதும் வீரர்களுக்கு முதன்முறையாக மாற்றுவழி கிடைத்தது. இரு அமைப்புகளும் வீரர்களைக் கவரப் போட்டியிட்டதால் ஊதியம் உயர்ந்தது. விரைவிலேயே இரண்டும் இணைவது பற்றிப் பேச்சு எழுந்தது.

1965 முதல் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சனின் பெயரில் 1970இல் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. இணைப்பைத் தடுப்பதும் தக்கவைப்பு விதியை எதிர்ப்பதும் அதன் நோக்கம். ஆறு ஆண்டுகளுக்குப் பின் 1976இல் சமரசம் ஏற்பட்டது. டென்வர் நகெட்ஸ், இண்டியானா பேசர்ஸ், நியூயார்க் நெட்ஸ், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஆகிய நான்கு ஏ.பி.ஏ. அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தன. அதற்கு ஈடாக, ஒப்பந்தம் முடிந்த வீரர் அணி மாறுவதற்கான வழி படிப்படியாகத் திறக்கப்பட்டது. 1988 ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட அனுபவம் உள்ள வீரர்களுக்கு முழுமையான அணி மாறும் உரிமை கிடைத்தது. அவ்வாண்டு டாம் சேம்பர்ஸ் எந்தத் தடையுமின்றி அணி மாறிய முதல் வீரரானார்.

உச்சவரம்பின் வருகை

1980களின் தொடக்கத்தில் சில அணிகள் கடும் நிதி நெருக்கடியில் இருந்தன. அணிகள் மூடப்பட்டால் வீரர்களின் வேலைவாய்ப்பும் குறையும். 1983 மார்ச்சு இறுதியில், வீரர்கள் அறிவித்திருந்த வேலைநிறுத்தக் கெடு நெருங்கிய வேளையில், இரு தரப்பும் புதிய வகை உடன்பாட்டுக்கு வந்தன. வீரர்கள் ஊதிய உச்சவரம்பை ஏற்றனர். உரிமையாளர்கள் வருமானத்தில் 53 விழுக்காட்டை வீரர்களுக்கு உறுதியளித்தனர். 1984-85 பருவத்தில் ஓர் அணிக்கான உச்சவரம்பு 36 லட்சம் டாலராக இருந்தது.

உச்சவரம்பு வீரர்களுக்கு ஒரு விட்டுக்கொடுப்பு. ஆனால் அதோடு வந்த வருமானப் பங்கு அவர்களைத் தொழிலின் கூட்டாளிகளாகவும் ஆக்கியது. பின்னாளில் ஒளிபரப்பு வருமானம் பன்மடங்கு பெருகியபோது வீரர்களின் ஊதியமும் தானாகவே உயர்ந்தது இந்த ஏற்பாட்டால்தான். அடுத்த நாற்பது ஆண்டுகளின் சண்டைகள் பெரும்பாலும் அந்த விழுக்காட்டைச் சுற்றியே நடந்தன.

1995, 1996 கதவடைப்புகள்

முதல் கதவடைப்பு 1995 சூலை 1 முதல் செப்டம்பர் 12 வரை நீடித்தது. அது பருவம் தொடங்காத கோடைக்காலம் என்பதால் ஆட்டம் எதுவும் இரத்தாகவில்லை. சங்கத் தலைமை ஏற்றுக்கொண்ட உடன்பாடு போதாது என்று கருதிய மைக்கேல் ஜோர்டான், பேட்ரிக் யூயிங் முதலிய வீரர்கள் சங்கத்தின் அங்கீகாரத்தையே நீக்க முயன்றனர். வாக்கெடுப்பில் 226 பேர் சங்கத்தின் பக்கமும் 134 பேர் எதிராகவும் வாக்களித்தனர். முன்னணி நட்சத்திரங்களின் நலனும் சாதாரண வீரர்களின் நலனும் எப்போதும் ஒன்றல்ல என்பதை அந்த வாக்கெடுப்பு வெளிப்படுத்தியது. 1996ஆம் ஆண்டின் கதவடைப்பு சில மணி நேரத்தில் முடிவுக்கு வந்தது.

1998-99 கதவடைப்பு

1997இல் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணி, 21 வயதான கெவின் கார்னெட்டுடன் ஆறு ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. இத்தகைய ஒப்பந்தங்கள் உரிமையாளர்களைக் கலங்கச் செய்தன. ஒப்பந்தத்தை எழுதியவர்கள் அணி உரிமையாளர்களே. ஒருவர் கொடுக்க மறுத்தால் மற்றொருவர் கொடுப்பார் என்பதே அவர்களின் அச்சம். தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ளும் விதி அவர்களுக்குத் தேவைப்பட்டது. வீரர்களின் பங்கு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒப்பந்தத்தை மீண்டும் திறக்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, 1998 சூலை 1 அன்று அவர்கள் கதவடைப்பை அறிவித்தனர்.

உரிமையாளர்களின் தரப்பில் ஆணையர் டேவிட் ஸ்டெர்னும், சங்கத்தின் தரப்பில் செயல் இயக்குநர் பில்லி ஹன்டரும் தலைவர் யூயிங்கும் பேசினர். பேச்சின்போது நடந்த ஒரு நிகழ்வு பின்னர் அடிக்கடி நினைவுகூரப்பட்டது. இலாபம் காண முடியாவிட்டால் அணியை விற்றுவிடலாமே என்று வாஷிங்டன் அணி உரிமையாளர் ஏப் போலினிடம் ஜோர்டான் நேரடியாகக் கூறினார்.

அக்டோபரில் வீரர்களுக்குப் பெரிய பின்னடைவு ஏற்பட்டது. உறுதியளிக்கப்பட்ட ஒப்பந்தம் வைத்திருந்த 200க்கும் மேற்பட்ட வீரர்களுக்குக் கதவடைப்புக் காலத்தில் சம்பளம் தரத் தேவையில்லை என்று நடுநிலைத் தீர்ப்பாளர் ஜான் ஃபீரிக் முடிவு செய்தார். வீரர்களின் சம்பளம் நவம்பர் நடுவில் தொடங்கி மாதம் இருமுறை வழங்கப்படுவது வழக்கம். அந்த நாள்கள் ஒவ்வொன்றாகச் சம்பளமின்றிக் கடந்தன. பொதுமக்களின் அனுதாபமும் வீரர்களுக்குக் கிடைக்கவில்லை. திசம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் வீரர்களின் முகவர்கள் ஏற்பாடு செய்த ஆட்டத்தின் வருமானத்தில் ஒரு பகுதி பணநெருக்கடியில் உள்ள வீரர்களுக்குச் செல்லும் என்ற செய்தி கேலிக்கு உள்ளானது.

பருவத்தையே இரத்து செய்வதற்கான வாக்கெடுப்பு 1999 சனவரி 7 அன்று நடைபெறவிருந்தது. அதற்கு முந்தைய நாள் உடன்பாடு எட்டப்பட்டது. வீரர்கள் 179-5 என்ற வாக்குகளில் அதை ஏற்றனர். ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்களுக்குப் பதிலாக 50 ஆட்டங்களே ஆடியது. அனைத்து நட்சத்திர ஆட்டமும் இரத்தானது. அப்போதிருந்த 29 அணிகளைக் கொண்டு கணக்கிட்டால் இரத்தான பருவ ஆட்டங்கள் 464.

புதிய ஒப்பந்தத்தில் தனி வீரருக்கான அதிகபட்ச ஊதியம் முதன்முறையாக வரையறுக்கப்பட்டது. அனுபவத்தைப் பொறுத்து அது ஆண்டுக்கு 90 லட்சம், 1.1 கோடி, 1.4 கோடி டாலர் எனத் தொடங்கியது. பிடித்தத் தொகையும் ஆடம்பர வரியும் இடம்பெற்றன. இந்த வரம்பால் இழந்தவர்கள் முன்னணி நட்சத்திரங்கள். குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்ததால் சாதாரண வீரர்கள் ஓரளவு பயனடைந்தனர்.

2011 கதவடைப்பு

2005 ஒப்பந்தம் கதவடைப்பு இல்லாமலே கையெழுத்தானது. அதன்படி வீரர்களின் பங்கு 57 விழுக்காடாக இருந்தது. அது 2011 சூன் 30 அன்று காலாவதியானது. 2010-11 பருவத்தில் 30 அணிகளில் 22 அணிகள் நட்டமடைந்ததாகவும் மொத்த நட்டம் சுமார் 30 கோடி டாலர் என்றும் என்.பி.ஏ. கூறியது. இக்கணக்கைச் சங்கம் ஏற்கவில்லை. அணியை வாங்க வாங்கிய கடனுக்கான வட்டி, அணியின் தேய்மானம் போன்றவற்றைச் செலவாகக் காட்டுவதையும், அணியின் சந்தை மதிப்பு உயர்வை வரவில் காட்டாததையும் அது சுட்டிக்காட்டியது.

பேரத்தில் இருந்த தொகையை எளிதில் கணக்கிடலாம். அந்தப் பருவத்தில் கூடைப்பந்து சார்ந்த வருமானம் சுமார் 380 கோடி டாலர். அதில் ஒரு விழுக்காடு 3.8 கோடி டாலர். வீரர்களின் பங்கு 57இலிருந்து 50 விழுக்காடாகக் குறைந்தால் ஆண்டுக்குச் சுமார் 27 கோடி டாலர் கைமாறும். இது உரிமையாளர்கள் கூறிய மொத்த நட்டத்துக்கு ஏறக்குறைய இணையான தொகை. வன் உச்சவரம்பும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று.

சூலை 1 அன்று கதவடைப்பு தொடங்கியது. அணி வளாகங்களுக்குள் நுழையவோ அணிப் பணியாளர்களுடன் தொடர்புகொள்ளவோ வீரர்களுக்கு அனுமதி இல்லை. டெரான் வில்லியம்ஸ் துருக்கியின் பெசிக்டாஸ் அணிக்கும், ஆந்த்ரே கிரிலெங்கோ மாஸ்கோவுக்கும், டோனி பார்க்கர் பிரான்சுக்கும் சென்று ஆடினர். சீனாவுக்குச் சென்ற கென்யன் மார்ட்டின், ஜே.ஆர். ஸ்மித், வில்சன் சாண்ட்லர் ஆகியோர் அங்குள்ள விதியின் காரணமாகப் பருவம் முடியும் முன் என்.பி.ஏ.வுக்குத் திரும்ப இயலவில்லை. நாட்டிலேயே தங்கிய வீரர்கள் தெருவோரக் களங்களில் ஆடினர். ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள ரக்கர் பார்க்கில் கெவின் டூரான்ட் 66 புள்ளிகள் எடுத்தார்.

உரிமையாளர்களிடையேயும் பிளவு இருந்தது. பெருநகர அணிகளுக்கு உள்ளூர் ஒளிபரப்பு வருமானம் அதிகம். சிறுநகர அணிகளுக்குக் குறைவு. வருமானத்தை அணிகள் தங்களுக்குள் எவ்வாறு பகிர்வது என்பதும் பேச்சுவார்த்தையின் மறைவான பகுதியாக இருந்தது. இதற்குள் சார்லட் அணியின் உரிமையாளராகியிருந்த ஜோர்டான், 1998இல் தான் நின்ற இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தார். உரிமையாளர்கள் கதவடைப்பைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்ற தடையை மீறி ஓர் ஆஸ்திரேலிய நாளிதழுக்குப் பேட்டியளித்ததற்காக என்.பி.ஏ. அவருக்கு ஒரு லட்சம் டாலர் தண்டம் விதித்தது.

அக்டோபர் 10 அன்று பருவத்தின் முதல் இரண்டு வாரங்கள் இரத்து செய்யப்பட்டன. அரசுச் சமரச அலுவலர் ஜார்ஜ் கோஹனின் முயற்சியும் பலனளிக்கவில்லை. நவம்பர் 14 அன்று வீரர்கள் என்.பி.ஏ.வின் இறுதி முன்மொழிவை நிராகரித்தனர். டெரெக் ஃபிஷர் தலைமையிலான சங்கம், இனி வீரர்களின் சார்பில் பேரம் பேசப்போவதில்லை என அறிவித்துத் தன் பேர உரிமையைத் துறந்தது. உடனே வீரர்கள் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தனர். வழக்கில் தோற்றால் உரிமையாளர்கள் மும்மடங்கு இழப்பீடு தர நேரிடும். வழக்கு நீண்டால் வீரர்கள் ஒரு முழு ஆண்டின் சம்பளத்தை இழப்பர். இரு தரப்புக்கும் ஆபத்து சமமான நிலையில் பேச்சு மீண்டும் தொடங்கியது.

நியூயார்க்கில் சுமார் 15 மணி நேரம் நடந்த பேச்சின் முடிவில், நவம்பர் 26 அதிகாலையில் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. திசம்பர் 8 அன்று ஒப்பந்தம் உறுதி செய்யப்பட்டது. கதவடைப்பு 161 நாள்கள் நீடித்தது. பருவம் திசம்பர் 25 அன்று தொடங்கியது. ஒவ்வோர் அணிக்கும் 66 ஆட்டங்கள். இரத்தான ஆட்டங்கள் 240.

வீரர்களின் பங்கு 49 முதல் 51 விழுக்காடு வரை என நிர்ணயிக்கப்பட்டது. வன் உச்சவரம்பு வரவில்லை. அதற்குப் பதிலாக ஆடம்பர வரி கடுமையாக்கப்பட்டது. முன்பு எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் வரியாக இருந்தது. 2013-14 முதல் அது ஒன்றரை டாலரில் தொடங்கி, தாண்டும் அளவுக்கேற்ப ஏறியது. அணிகளுக்கு இடையிலான வருமானப் பகிர்வும் விரிவாக்கப்பட்டது.

2014க்குப் பிந்தைய மாற்றங்கள்

2014இல் இரண்டு நிகழ்வுகள் உரிமையாளர்களின் நட்டக் கணக்கைக் கேள்விக்குள்ளாக்கின. லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணியை ஸ்டீவ் பால்மர் 200 கோடி டாலருக்கு வாங்கினார். அதே ஆண்டில் ஒன்பது ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலர் மதிப்புள்ள ஒளிபரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. இதன்படி ஆண்டு வருமானம் சுமார் 93 கோடியிலிருந்து 266 கோடி டாலராக உயரும்.

இந்தத் திடீர் உயர்வைப் பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்து உச்சவரம்பைப் படிப்படியாக உயர்த்தலாம் என்று என்.பி.ஏ. முன்மொழிந்தது. மிஷேல் ராபர்ட்ஸ் செயல் இயக்குநராக இருந்த சங்கம் அதை ஏற்கவில்லை. உச்சவரம்பு 2015-16இல் 7 கோடி டாலராக இருந்தது. அடுத்த ஆண்டே 9.41 கோடியானது. அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிந்திருந்த வீரர்கள் பெரும் ஊதியம் பெற்றனர். அவ்வாண்டு 73 வெற்றிகளுடன் பருவத்தை முடித்திருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு டூரான்ட்டையும் சேர்த்துக்கொள்ள இடம் கிடைத்தது. அணிகளின் சமநிலை குலைந்ததாகப் பலர் குறைகூறினர்.

2016 இறுதியில் அடுத்த ஒப்பந்தம் அமைதியாக முடிவானது. குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆடி ஓய்வுபெற்றவர்களுக்குச் சங்கத்தின் நிதியில் மருத்துவக் காப்பீடு வழங்க வீரர்கள் அதே ஆண்டில் முடிவெடுத்தனர். கிறிஸ் பால் அப்போது சங்கத் தலைவராக இருந்தார். ஓய்வூதியம் இல்லாத காலத்தில் ஆடியவர்களுக்கு இம்முடிவு பெரிய ஆறுதலாயிற்று.

2020 ஆகஸ்ட் 26 அன்று மில்வாக்கி பக்ஸ் அணியினர், ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவர் காவலரால் சுடப்பட்டதைக் கண்டித்துக் களமிறங்க மறுத்தனர். மற்ற அணிகளும் பின்பற்றின. கூட்டுப்பேர ஒப்பந்தம் வேலைநிறுத்தத்தைத் தடை செய்திருந்தபோதும் என்.பி.ஏ. யாரையும் தண்டிக்கவில்லை. அரங்குகளைத் தேர்தலில் வாக்குச்சாவடிகளாகப் பயன்படுத்த உரிமையாளர்கள் ஒத்துழைப்பது என்ற உடன்பாட்டுடன் மூன்று நாள்களில் ஆட்டங்கள் தொடர்ந்தன. ஊதியத்துக்காக ஒருபோதும் செய்யாத வேலைநிறுத்தத்தை வீரர்கள் ஊதியம் அல்லாத ஒன்றுக்காகச் செய்தனர்.

2023 ஒப்பந்தம்

2023 ஏப்ரல் 1 அன்று ஏழு ஆண்டு ஒப்பந்தத்துக்கு இரு தரப்பும் இசைந்தன. இதன் முதன்மையான புதுமை, ஆடம்பர வரி எல்லைக்கு மேலே 1.75 கோடி டாலர் தொலைவில் தொடங்கிய "இரண்டாம் மேல்வரம்பு". இதைத் தாண்டும் அணி பணம் கட்டித் தப்பிக்க முடியாது. வீரர்களைப் பரிமாறிக்கொள்வதிலும் புதியவர்களைச் சேர்ப்பதிலும் அதற்குத் தடைகள் விதிக்கப்படுகின்றன. 2024இல் வாகையர் பட்டம் வென்ற பாஸ்டன் செல்ட்டிக்ஸ், அடுத்த ஆண்டிலேயே ஜூரூ ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் ஆகியோரை வேறு அணிகளுக்கு அனுப்ப நேர்ந்தது. வன் உச்சவரம்பு என்ற பெயர் இல்லாமலே அதன் விளைவு பெருமளவு வந்துவிட்டது என்பது இவ்விதியின்மீதான விமர்சனம்.

2025-26 முதல் பதினொரு ஆண்டுகளுக்கு 7,600 கோடி டாலர் மதிப்புள்ள புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2016 அனுபவத்தைக் கருத்தில்கொண்டு, உச்சவரம்பு ஓர் ஆண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது என 2023 ஒப்பந்தத்தில் விதி சேர்க்கப்பட்டிருந்தது. அதன்படி 2024-25இல் 14.06 கோடியாக இருந்த உச்சவரம்பு 2025-26இல் 15.46 கோடி டாலரானது.

மகளிர் கூடைப்பந்தாட்டம்

மகளிர் தேசிய கூடைப்பந்துச் சங்கம் 1997இல் ஆட்டங்களைத் தொடங்கியது. அதன் வீராங்கனைகளின் சங்கம் 1998இல் அமைந்தது. 2020 ஒப்பந்தத்தில் மகப்பேறு விடுப்புக்கு முழுச் சம்பளம், மேம்பட்ட பயண வசதி ஆகியவை கிடைத்தன. ஆயினும் 2025இல் அதிகபட்ச ஊதியம் சுமார் 2.5 லட்சம் டாலராகவே இருந்தது. ஆண்களுக்கு 1983இல் உறுதியான வருமானப் பங்கைப் போன்ற ஒன்றை வீராங்கனைகள் கோரினர். 2024 அக்டோபரில் அவர்கள் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையைப் பயன்படுத்தினர். 2025 சூலையில் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த அனைத்து நட்சத்திர ஆட்டத்துக்கு முன், தங்களுக்குத் தர வேண்டியதைத் தருமாறு கேட்கும் வாசகம் பொறித்த சட்டைகளை அணிந்து களத்தில் தோன்றினர். 1964இல் பாஸ்டனில் நடந்ததைப் போலவே இங்கும் நாடே பார்க்கும் ஆட்டம் கோரிக்கையின் மேடையானது.

மதிப்பீடு

கதவடைப்புகளை அமெரிக்க ஊடகங்கள் பலமுறை பணக்காரர்களுக்கும் பெரும்பணக்காரர்களுக்கும் இடையிலான சண்டை என்று வருணித்தன. இக்கூற்று ஓரளவே பொருந்தும். நட்சத்திர வீரர்களின் வருமானம் மிகப் பெரியது என்பது உண்மை. ஆனால் பல வீரர்களின் ஆட்டக்காலம் ஐந்து ஆண்டுகளைக்கூட எட்டுவதில்லை. 2011இல் 82 ஆட்டங்களில் 16 குறைந்தபோது அவர்கள் ஆண்டுச் சம்பளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்தனர். இழந்த பருவத்தை வீரரின் வாழ்நாளில் ஈடுசெய்ய முடியாது. அணியோ உரிமையாளரின் கையில் பல பத்தாண்டுகள் இருக்கும். அதன் மதிப்பும் உயர்ந்துகொண்டே செல்லும். பாஸ்டன் செல்ட்டிக்ஸ் 2025இல் 610 கோடி டாலர் மதிப்பீட்டில் விற்கப்பட்டது.

பேச்சுவார்த்தை மேசையில் இடம்பெறாத மூன்றாம் தரப்பும் உண்டு. நுழைவுச்சீட்டு பரிசோதிப்பவர்கள், உணவு விற்பவர்கள், வாகன நிறுத்துமிடப் பணியாளர்கள், அரங்கைச் சுற்றியுள்ள உணவகங்களில் வேலை செய்வோர் ஆகியோருக்கு ஆட்டம் நடந்தால்தான் கூலி. 2011இல் இரத்தான 240 ஆட்டங்களுக்கான கூலி, உடன்பாட்டுக்குப் பின்னரும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

காலவரிசை

1954: வீரர் சங்கம் தொடக்கம்
1957: சங்கத்துக்கு அங்கீகாரம்
1964: அனைத்து நட்சத்திர ஆட்ட எதிர்ப்பு, ஓய்வூதிய வாக்குறுதி
1976: ராபர்ட்சன் வழக்கில் சமரசம், ஏ.பி.ஏ. இணைப்பு
1983: ஊதிய உச்சவரம்பும் 53 விழுக்காட்டுப் பங்கும்
1988: முழுமையான அணி மாறும் உரிமை
1995: முதல் கதவடைப்பு
1998-99: இரண்டு பருவங்களுக்கு இடையே தொடங்கி 464 ஆட்டங்களை இரத்தாக்கிய கதவடைப்பு
2011: 161 நாள் கதவடைப்பு; 240 ஆட்டங்கள் இரத்து
2023: இரண்டாம் மேல்வரம்பு கொண்ட ஏழு ஆண்டு ஒப்பந்தம்